குருதி ஓடினால்தான் தோல் வாழும்
(ஆலய மண்டபத்தில் நடைபெற்ற உடல்நல விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நான் மருத்துவன் அல்லன். பள்ளியில் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். நம் அன்னதானக் குழுவைச் சேர்ந்த அன்பர் ஒருவருக்கு வாய்ப்புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சை நடந்தது. புற்றை நீக்கிய இடத்தை மூட, முன்கைத் தோலை அதன் இரத்தக் குழாய்களோடு எடுத்துப் பொருத்தினார்கள். இதனைத் தோல் மடல் என்று சொல்லலாம். அவருக்குத் துணையிருந்தபோது கேட்டறிந்ததையும், பின்னர் படித்தறிந்ததையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மல்லிகைக் கொடியைப் பதியம் போடுகிறோம். கிளையை மண்ணில் புதைத்தாலும், தாய்ச்செடியிலிருந்து உடனே வெட்டிவிடுவதில்லை. வேர் பிடித்த பின்னரே வெட்டுகிறோம். இந்த உண்மையை நம் முன்னோர் மருத்துவத்திலும் அறிந்திருந்தனர். கன்னத்துத் தோலைக் கொண்டு மூக்கைச் சீரமைக்கும் முறை சுசுருத சம்ஹிதையில் உள்ளது. புனே அருகே ஒருவருக்கு நெற்றித் தோலால் மூக்கு அமைத்த செய்தி, 1794-ஆம் ஆண்டு லண்டன் இதழொன்றில் வெளிவந்தது. புருவங்களுக்கு நடுவே விட்டுவைத்த தோல் காம்பை ஏறத்தாழ 25 நாள் கழித்தே அறுப்பார்கள் என்று அதில் குறிப்பிட்டிருந்தார்கள். அதற்குள் புதிய இடத்திலிருந்து இரத்தக் குழாய்கள் வளர்ந்துவிடும்.

இக்காலத்தில் சில மடல்களை ஒரு பகுதி மட்டும் அறுத்து, இரண்டு வாரம் போல் அப்படியே விட்டுவைப்பதும் உண்டு. எஞ்சிய குழாய்கள் அதற்குள் விரிந்து, கூடுதல் இரத்தத்தைக் கொண்டுவரப் பழகிவிடும். முற்றிலும் அறுத்தெடுத்த மடலானால், சில மில்லிமீட்டரே அகலமுள்ள குழாய்களை நுண்நோக்கியின் கீழ், தலைமுடியினும் மெல்லிய இழையால் தைக்கிறார்கள்.

முதல் சில நாள் இரவும் பகலும் கண்காணிப்பார்கள். மடல் வெளுத்துக் குளிர்ந்தால், இரத்தம் வந்து சேரவில்லை. நீலம் பாய்ந்து வீங்கினால், வந்த இரத்தம் வெளியேறவில்லை. நம் அன்பருக்கு இரண்டாம் இரவு நீலம் பாய்ந்தது. தாதி உடனே கவனித்ததால், மீண்டும் அறுவைக் கூடத்திற்குக் கொண்டுசென்று அடைப்பை நீக்கினார்கள். மடல் பிழைத்தது.

சிரையைச் சரிசெய்ய இயலாதபோது மருத்துவ அட்டைகளை விட்டுத் தேங்கிய இரத்தத்தை அகற்றுவதும் உண்டு. அமெரிக்க அரசு 2004-இல் இதற்கு ஒப்புதல் அளித்தது. தேர்ந்தெடுத்த சிலருக்கு, காற்றழுத்தம் மிகுந்த அறையில் தூய பிராணவாயு தருகிறார்கள். அது இரத்தத்தின் நீர்ப்பகுதியிலும் கரைந்து திசுவைச் சேர்கிறது. ஆயினும், அடைபட்ட குழாய்க்கு அது மாற்று ஆகாது.

அன்பர்களே, மருத்துவர் கையில் உள்ளவை இவை. நம் கையில் உள்ளவையும் சில உண்டு. சிகரெட்டில் உள்ள நிக்கோட்டின் இரத்தக் குழாயைச் சுருக்குகிறது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, இரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அறுவைக்குக் குறைந்தது 4 வாரம் முன்பே புகைப்பதை நிறுத்தச் சொல்வது இதனால்தான். வீட்டுப் பெரியவர்களிடம் மறைத்துப் புகைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. மருத்துவரிடம் மறைத்தால், ஒட்டிய தோலே அழுகிப்போகலாம். நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரையையும் கட்டுக்குள் வைக்க வேண்டும்.

நோயாளியைக் காணச் செல்வோருக்கும் ஒரு வேண்டுகோள். திருநீற்றை நெற்றியில் இடுங்கள். காயத்தின் அருகே தூவ வேண்டாம். வாயிலோ கழுத்திலோ அறுவை செய்தவருக்கு மந்திரித்த கயிற்றைக் கழுத்தில் கட்ட வேண்டாம். கயிறு இறுகினால் உள்ளே தைத்த குழாய் நசுங்கும். அதைத் தலையணை அருகே வைத்துப் பிரார்த்தித்தாலும் இறைவன் செவிசாய்ப்பான்.

அறுவைக்கு நாள் குறித்துக் காத்திருப்போர் இம்மண்டபத்திலும் இருக்கலாம். அவர்கள் இன்றே புகையை விட்டொழிக்க எல்லாம்வல்ல இறைவன் மனவுறுதி அருள்வானாக!