ஆடியில் எடுக்கும் முட்டையில் அக்னி வெயில் தெரியும்

மாடு வளர்க்கிறவங்களுக்கும், வளர்க்கலாமான்னு யோசிக்கிறவங்களுக்கும் இந்தப் பேச்சு.

நல்லா கறக்கிற பசு கூட வருஷத்துக்கு ஒரு கன்றுதான் போடும். அதே பசுவின் சினைப்பையிலிருந்து, ஸ்கேனில் பார்த்தபடியே ஊசியால் கருமுட்டைகளை எடுத்து, ஆய்வகத்தில் காளையின் விந்தோடு சேர்த்து, ஏழாம் நாள் வேறு பசுக்களின் கருப்பையில் வைத்தால், ஒரே வருஷத்தில் பல கன்றுகள் கிடைக்கலாம். வாடகைத்தாய் முறைதான், மாட்டுக்கு. ஆனால் பத்து முட்டையில் மூன்று கருவாகத் தேறினாலே நல்ல பலன்.

மீதி ஏன் வீணாகுது? ஆய்வகத்தைக் கேட்கும் முன் நம்ம தொழுவத்தைப் பார்க்கணும். முட்டையைச் சுமக்கிற சிறு நீர்ப்பை சினைப்பைக்குள் வளர்ந்து முதிர இரண்டு, மூன்று மாசம் ஆகும். அந்த நாட்களில் மாடு பட்ட பாடெல்லாம் முட்டையில் தங்கிவிடும். அக்னி நட்சத்திரத்தில் தகரக் கொட்டகையில் மூச்சிரைத்து நின்ற கலப்பினப் பசு, ஆடிக் காற்றில் பார்க்கத் தெளிவாத்தான் இருக்கும். முட்டை மட்டும் ஏமாத்தும். நாட்டு மாடு வெயிலை இதைவிடத் தாங்கும்.

கன்று போட்ட புதுசு இன்னொரு சிக்கல். தின்கிற தீவனம் பாலுக்கே போதாமல், மாடு தன் உடம்புக் கொழுப்பைக் கரைத்துக் கறக்கும். "இப்பதான் நல்லா கறக்குது, இப்பவே முட்டை எடுங்க"ன்னு கேட்கத் தோணும். அதுதான் பொருந்தாத நேரம். சரி, உடம்பைத் தேத்தலாம்னு புண்ணாக்கை அள்ளிக் கொட்டுவதும் தப்பு. புரதம் மிஞ்சினால் ரத்தத்தில் யூரியா ஏறி முட்டையைக் கெடுக்கும். எலும்பும் துருத்தக் கூடாது, கொழுத்தும் போகக் கூடாது.

அதனால் நிழல், காற்றோட்டம், எந்நேரமும் தண்ணீர், தாது உப்புக் கலவை எல்லாம் முட்டை எடுக்கும் தேதிக்கு மூன்று மாசம் முன்பே தொடங்கணும். கையில் போன் இருக்கே! கன்று ஈன்ற தேதி, சினைப்பருவத்துக்கு வந்த தேதி, காய்ச்சலோ மடிநோயோ வந்த நாள் எல்லாத்தையும் காதுவில்லையின் 12 இலக்க எண்ணோடு குறித்து வையுங்க. மாடு சுணங்கினால் 1962-க்குக் கூப்பிடுங்க, கட்டணம் கிடையாது.

முட்டை எடுப்பது பற்றிக் கேட்க கால்நடை மருந்தகத்துக்கு முதல் தடவை போகும்போது மாட்டை ஓட்டிட்டுப் போக வேண்டாம். அந்தக் குறிப்பு உள்ள போன் போதும்.