கூதிர்காலமும் குழந்தைகளும்

(மன்றக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



இல்லறத்தைப் பற்றி, அதுவும் சிறு குழந்தைகள் உள்ள இல்லறத்தைப் பற்றி, மணமாகாத மாணவன் ஒருவன் பேச எழுந்திருப்பதைக் கண்டு உங்களிற் சிலர் புன்னகை செய்வது எனக்குத் தெரிகின்றது. கிணற்றில் இறங்காதவன் அதன் ஆழத்தைச் சொல்ல வந்த கதைதான். ஆயினும் எனக்கு ஒரு தமக்கையார் உண்டு. அவருக்கு ஆறு வயதில் ஒரு மகளும் மூன்று வயதில் ஒரு மகனும் உண்டு. சென்ற ஆண்டு புரட்டாதி முதல் கார்த்திகை வரை, விடுமுறையை ஒட்டி, அவ்வீட்டில் ‘மாமா’ என்ற பதவியை வகித்தேன். அந்தப் பதவியே இன்று பேசுவதற்கு எனக்குள்ள தகுதி.

நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்து, ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரு திங்களையும் கூதிர் என வழங்கினர். வடமொழியாளர் சரற்காலம் என்பர். சாரதா நவராத்திரி என்ற பெயரும் இதனால் வந்ததே. நான் பயின்ற மிஷன் கல்லூரியின் ஆங்கில வாசிப்பு நூலில் இக்காலத்துக்குரிய படம் ஒன்று இருந்தது. மரத்திலைகள் மஞ்சளும் சிவப்புமாகி உதிர்ந்து கிடக்கும்; சிறுவர் அவற்றைக் கூட்டிக் குவிப்பர். அந்நாடுகளில் அஃது உண்மை. நம் குடாநாட்டிலோ இஃது உதிரும் காலமன்று, முளைக்கும் காலம். வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத இம்மண்ணுக்கு, ஆண்டு முழுவதற்கும் வேண்டிய நீரிற் பெரும்பங்கை ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை பெய்யும் மழையே தருகின்றது. அந்நீர் சுண்ணக்கல்லினூடே இறங்கக் கிணறுகள் ஊறுகின்றன. வயலில் நெல் பச்சை பிடிக்கின்றது. பனம் பாத்தியிலே தை மாதத்துக் கிழங்கு மண்ணுக்குள் மறைவாக வளர்கின்றது.

மழை வெளியே நின்று பார்ப்பவர்க்கு அழகானது. குழந்தைகள் உள்ள வீட்டுக்குள்ளே அதன் கதை வேறு. கொடியிற் போட்ட துணி மூன்று நாளாகியும் காயாது. விறகு நனைந்து குசினி முழுதும் புகை. சின்னவனுக்குத் தடிமன், அவனுக்கு மாறினால் பெரியவளுக்கு. வேர்க்கொம்பும் கொத்தமல்லியும் அவித்த குடிநீரை ஒரு மிடறு பருக்குவதற்குள் ஒரு சூரன் போர் நடந்து முடிந்துவிடும். முற்றத்திலே கடதாசிக் கப்பல்; வேலியோரத்திலே சிவப்புப் பட்டுப் போன்ற தம்பளப்பூச்சி. பிள்ளைகளை உள்ளே இழுத்து வந்து தலை துடைத்து முடிப்பதற்குள் மீண்டும் வெள்ளத்தில் நிற்பார்கள். பொழுது சாய்ந்தால் நுளம்பு. நுளம்போடு டெங்குக் காய்ச்சலின் அச்சம். இவ்வளவையும் தாங்குபவள் பெரும்பாலும் ஒருத்தியே. நெடுநல்வாடையைப் பாடிய நக்கீரர், கூதிர்காலத்து மாலையில் மகளிர் விளக்கேற்றி வழிபடும் காட்சியையும் அதிலே வைத்தார். அன்று விளக்கேற்றிய அந்தக் கை இன்று வரை ஓய்ந்ததாகத் தெரியவில்லை.

இத்தகைய இடர் மிகுந்த காலத்திலேதான் நம் சமயம் தன் பெருவிழாக்களை ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கின்றது. முதலில் நவராத்திரி. துர்க்கைக்கு மூன்று நாள், இலக்குமிக்கு மூன்று நாள், சரசுவதிக்கு மூன்று நாள். பத்தாம் நாள் விசயதசமியிலே ஏடு தொடக்கல். அடுத்து, இருபத்தொரு நாள் நோற்று ஐப்பசி அமாவாசையில் நிறைவுறும் கேதார கௌரி விரதம். பின்னர் ஆறு நாள் கந்த சட்டி. கார்த்திகையிலே விளக்கீடு. இவற்றை உற்று நோக்கினால், இவை கோயிலுக்கு உரியன போலவே வீட்டுக்கும் உரியன என்பதும், வீட்டிலே குழந்தைக்குப் பெரிதும் உரியன என்பதும் புலப்படும். தாம்பாளத்து அரிசியிலே பெரியவர் ஒருவர் பிடித்து எழுதுவிப்பது குழந்தையின் விரலையே. கார்த்திகை என்ற பெயரைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருவோர் யார்? சரவணப் பொய்கையிலே ஆறு குழந்தைகளைப் பாலூட்டி வளர்த்த பெண்கள் அறுவர். கந்தபுராணம் படித்துப் பயன் சொல்லும் வழக்கமுள்ள நம் நாட்டில் இதனை விரித்துக் கூற வேண்டியதில்லை. முருகப் பெருமானும் குழந்தையாய் இருந்தபோது அவரைத் தூக்கி வளர்க்கக் கைகள் வேண்டியிருந்தன.

இனி, சென்ற ஆண்டு நடந்ததைச் சொல்கின்றேன். நவராத்திரியை முன்னிட்டு நடந்த ஒரு பேச்சுப் போட்டிக்கு என் மருமகளைச் சேர்த்தோம். கலைமகளைப் பற்றி மூன்று நிமிடப் பேச்சு. எழுதிக் கொடுத்தவன் நான். அவ்வயதுக் குழந்தைக்கு விளங்காத சொற்கள் அதிலே பல இருந்தன. அவை நீதிபதிகளுக்காக வைத்தவை. ஒவ்வொரு நாள் மாலையும் ஒத்திகை. தமக்கையார் ஈரக் குடையோடு அவளை அழைத்துச் சென்று, ஈரக் குடையோடு அழைத்து வந்தார். சின்னவன் காய்ச்சலோடு அம்மம்மாவின் மடியிற் கிடந்தான். குழந்தை பிழையின்றிப் பேசினாள், பரிசும் பெற்றாள். வெற்றிக் கிண்ணத்தோடு வீட்டுக்குள் நுழைந்த எங்களைப் பார்த்து என் தாயார் ஒன்றே ஒன்று சொன்னார்: “மேடையிலை சரசுவதி இருக்கிறா. வீட்டிலை மூண்டு நாளா விளக்குத் திரி இல்லை.”

அது உண்மை. கலைமகளைப் பேசிப் பேசிக் களைத்த வீட்டிலே கலைமகளுக்கு ஒரு விளக்கேற்ற ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை. இங்கே நான் யாரையும் குறை கூறவில்லை. குற்றம் என்னுடையது, என்னைப் போல் விழா எடுப்பதில் வல்லவர்களான நம் எல்லோருடையது. வீட்டில் நடந்ததை மண்டபத்துக்குக் கொண்டு வந்தோம். பரிசும் ஒலிபெருக்கியும் சேர்த்தோம். அது நன்மையே. ஆனால் கொண்டு வந்ததற்கு ஈடாக வீட்டில் எதை வைத்தோம்? பிரத்தியேக வகுப்பையும் கைத்தொலைபேசியையும் வைத்தோம்.

மிஷன் கல்லூரியிற் படித்தவன் என்ற முறையில் ஒன்று கூற விரும்புகின்றேன். அங்கே எங்களுக்குக் கற்பித்தவர்கள் குழந்தையை நன்கு அறிந்தவர்கள். சிறிய வகுப்பிலேயே ஒருவனுக்கு மணி அடிக்கும் வேலை. ஒருவனுக்குப் பூச்சாடிக்கு நீர் மாற்றும் வேலை. ஒருவனுக்குப் பாட்டுப் புத்தகங்களை அடுக்கும் வேலை. உபதேசங்களிற் பல எனக்கு மறந்து போயின. நான் அடித்த மணி மறக்கவில்லை. வேலை கொடுக்கப்பட்ட குழந்தை ‘இஃது என்னுடைய இடம்’ என்று நினைக்கின்றது. அந்நாளில் நாவலர் பெருமானும் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்றுப் பின் அங்கேயே கற்பித்தவர். அங்கே கண்ட கல்விமுறையின் பயனை உணர்ந்தே 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். சிறுவருக்கென்று பாலபாடங்களும் எழுதினார். நல்லதை எங்கே கண்டாலும் எடுத்துக்கொள்ளும் துணிவு அவரிடம் இருந்தது. நாமும் எடுத்துக்கொள்ளலாம்.

எடுத்துக்கொண்டோம். கார்த்திகை விளக்கீடு வந்தது. திரி உருட்டும் வேலை மருமகளுக்கு; சிட்டிகளையும் சிரட்டைகளையும் சுமக்கும் வேலை மருமகனுக்கு; படலையடியில் வாழைக்குற்றி நடும் வேலை எனக்கும் அத்தானுக்கும். பெரியவர்கள் இருபது நிமிடத்தில் முடிக்கும் வேலை இரண்டு மணித்தியாலம் சென்றது. சின்னவன் இரண்டு சிட்டிகளை உடைத்தான். எண்ணெய் விறாந்தையில் ஓடியது. ஏற்றி முடித்ததும் தூறல் வந்து பாதி விளக்கை அணைத்தது. மறுபடியும் ஏற்றினோம். தமக்கையார் அன்று மாலை விறாந்தைக் கட்டில் அமர்ந்து, வேலை செய்யும் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த மாரி முழுவதிலும் அவர் கால் நீட்டி அமர்ந்ததை நான் கண்டது அன்றுதான். மறுநாட் காலையில் மருமகள், யாரும் சொல்லாமலே, சிரட்டைகளைப் பொறுக்கிக் கவிழ்த்து வைத்தாள். தண்ணீர் தேங்கினால் ஒரு வாரத்துக்குள் நுளம்பு பெருகிவிடும் என்று பாடசாலையிற் சொல்லிக் கொடுத்திருந்தார்களாம். பாடசாலைப் பாடமும் வீட்டு விளக்கும் ஒரு சிரட்டையிலே சந்தித்தன.

அன்றிரவு என் தாயார் தம் கதை ஒன்றைச் சொன்னார். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள், ஐப்பசி மழையிலே, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடு வாசலை விட்டு நாவற்குழிப் பாலம் கடந்து நடந்தனர் அல்லவா? அப்பொழுது அவருக்குப் பன்னிரண்டு வயது. தென்மராட்சியில் ஒரு பாடசாலை விறாந்தையில் எத்தனையோ குடும்பங்களோடு தங்கியிருந்தார்கள். அவ்வாண்டு விளக்கீட்டன்று அவரது தாயார், அதாவது என் அம்மம்மா, பழஞ்சேலைத் துண்டைக் கிழித்துச் சிறுமியின் கையிற் கொடுத்து, “திரி உருட்டு பிள்ளை” என்றாராம். ஒரு சிரட்டை, அதிலே கொஞ்சம் எண்ணெய், ஒரு திரி. “வீடு போட்டுது எண்டுதான் நினைச்சிருந்தன். அந்த விளக்கைக் கண்ட பிறகு, இதுவும் வீடுதான் எண்டு பட்டுது” என்றார் என் தாயார்.

மண்டபமும் மேடையும் ஒலிபெருக்கியும் அன்றிரவு அவர்களிடம் இருக்கவில்லை. திரி உருட்டத் தெரிந்த ஒரு சிறுமியின் கை இருந்தது. அந்தக் கை அதற்கு முன்னைய ஆண்டுகளிலே சொந்த வீட்டில் திரி உருட்டிப் பழகிய கை. நம் குழந்தைகளுக்கு நாம் விட்டுச் செல்ல வேண்டியது அந்தப் பழக்கத்தையே.

ஆகவே மன்றத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன். ஒன்று: நவராத்திரியின் ஒன்பது மாலைகளையும் வீட்டுக்கு விட்டுவிடுவோம், நம் விழாவையும் போட்டிகளையும் பத்தாம் நாளிலோ அதற்குப் பின்போ வைத்துக்கொள்வோம். இரண்டு: மழைக்காலம் முடியும் வரை, மாலையில் ஒரு மணி நேரமாவது அங்கத்தவர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் நிற்க வேண்டும். நிற்பது என்றால் கைத்தொலைபேசியோடு நிற்பதன்று. ஈரத் துணியை மாற்றிப் போடுவது, குழந்தைக்குக் கதை சொல்வது, அதற்கு ஒரு சிறு வேலை கொடுத்து அது முடிக்கும் வரை பொறுத்திருப்பது. இது பெண்கள் வேலை என்று ஒதுங்குபவர்கள், சைவத் தொண்டு என்ற சொல்லை இம்மேடையில் ஆளாதிருப்பது நலம். மூன்று: துணையின்றிப் பிள்ளை வளர்க்கும் தாய்மார் நம் ஊரில் உளர். போரிலே கணவரை இழந்தோர் சிலர். கணவர் கடல் கடந்து உழைக்கச் சென்றோர் சிலர். ஐப்பசி பிறக்கு முன் அவர்கள் வீட்டுக் கூரையைப் பார்த்துக் கொடுப்பதும், வளவில் நீர் தேங்கும் இடங்களைத் துப்புரவு செய்வதும் நம் மன்றத்தின் நவராத்திரிப் பூசையாக அமையட்டும்.

இறுதியாக ஒன்று. என் மருமகள் பெற்ற வெற்றிக் கிண்ணம் இப்பொழுது எங்கே இருக்கின்றது என்று சிலர் கேட்கலாம். சுவாமி அறையிலே இருக்கின்றது. அதற்குள்ளே அவள் உருட்டிய திரிகள் இருக்கின்றன.