பிள்ளைகள் நம்மிடம் சொல்லட்டும்

(பொன்விழா இளையோர் நாளன்று பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இளையோர் நாளன்று இளையோருக்கு நான்கு நல்ல வார்த்தை சொல்லுமாறு பொன்விழாக் குழுவினர் நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். நம் பங்கில் புத்திமதிக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. ஞாயிறுதோறும் மூட்டை மூட்டையாக நாமே வழங்கி வருகிறோம். ஆகவே இன்று பிள்ளைகளைச் சற்று இளைப்பாற விட்டுவிட்டு, பந்தலின் ஓரத்தில் நிற்கும் பெற்றோரிடமே பெரும்பாலும் பேச விரும்புகிறோம். பேசும் பொருள் கைப்பேசி. அதன் வழியாக நம் வீட்டுக்குள் வந்து குடியேறிவிட்ட இணையம்.

நாம் சிறிய குருமடத்தில் சேர்ந்த நாட்களில், வீட்டிலிருந்து வரும் கடிதத்தை அதிபர் தந்தை பிரித்துப் படித்த பிறகே நம் கையில் தருவார். நாம் எழுதும் கடிதத்தையும் ஒட்டாமல்தான் அவரிடம் ஒப்படைக்க வேண்டும். அதில் தீய எண்ணம் ஏதுமில்லை. நம்மைக் காக்கவே அப்படிச் செய்தார்கள். ஆயினும் உண்மையைச் சொல்வதானால், அந்த ஏற்பாட்டினால் நாம் கற்றுக்கொண்டது, ஊருக்குப் போகும் சமையற்காரரிடம் கடிதத்தைச் சிறிதாக மடித்துக் கொடுத்தனுப்பும் வித்தையைத்தான். காவல் கூடக் கூட, ஒளிக்கும் திறமையும் கூடிற்று.

இன்றோ எந்த அதிபராலும் பிரித்துப் பார்க்க முடியாத கடிதப் பெட்டி ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப் பையிலும் இருக்கிறது. அதை வாங்கிக் கொடுத்தவர்கள் நாமே. 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டபோது, கைப்பேசி இல்லாத பிள்ளைக்குப் பாடமும் இல்லை என்ற நிலை வந்தது. வளைகுடா நாடுகளில் உழைக்கும் தந்தையர் வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்துக் கைப்பேசி அனுப்பினார்கள். கொடுக்கும்போது அதை எப்படித் திறப்பது என்று பிள்ளைதான் நமக்குச் சொல்லிக் கொடுத்தது. அதில் என்ன ஆபத்து வரும், வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று நாம் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தோமா?

நிற்க. உலகில் இதைக் குறித்து என்ன நடந்து வருகிறது என்பதைச் சற்றுப் பார்ப்போம். 2004-ஆம் ஆண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆதரவில் நடந்த ஒரு திட்டத்தின் பகுதியாக, ‘பாதுகாப்பான இணைய நாள்’ என்ற ஒன்று தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே இன்சேஃப் என்னும் கூட்டமைப்பு அப்பொறுப்பை ஏற்றுக்கொண்டது. இரண்டாம் மாதம், இரண்டாம் வாரம், இரண்டாம் நாள் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்; பிப்ரவரி மாத இரண்டாம் வாரத்துச் செவ்வாய்க்கிழமை அது. ஐரோப்பாவில் பிறந்த அந்த நாள் இப்போது நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில், நம் இந்தியாவிலும், கடைப்பிடிக்கப்படுகிறது. ஆண்டில் முந்நூற்று அறுபத்தைந்து நாளுக்கும் ஏதோவொரு தினம் வந்துவிட்டதே, இதுவும் அதில் ஒன்றா என்று நீங்கள் நினைக்கலாம். நாமும் அப்படித்தான் நினைத்தோம். இதற்கேன் உலக நாடுகள் ஒன்றுகூட வேண்டும் என்பது, ஒரு சிறுமியின் வரலாற்றைப் படித்த பிறகே நமக்கு விளங்கிற்று.

கனடா நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தைச் சேர்ந்தவள் அமாண்டா டாட். ஏழாம் வகுப்புப் படிக்கும் வயதில், கணினித் திரையில் முகமறியா ஒருவன் இனிக்கப் பேசி, ஒரு நொடி உடையை விலக்கச் செய்தான். அந்த ஒரு நொடியைப் படமாக்கி வைத்துக்கொண்டு அவளை மிரட்டத் தொடங்கினான். மேலும் படம் தராவிடில் உற்றார் அனைவருக்கும் அனுப்புவேன் என்றான், அனுப்பவும் செய்தான். அவள் பள்ளி மாறினாள். அவனும் தொடர்ந்து வந்தான். சக மாணவர்கள் ஏளனம் செய்தார்கள். 2012 செப்டம்பரில் தன் கதையைச் சீட்டுகளில் கையால் எழுதி, ஒரு வார்த்தையும் பேசாமல் ஒவ்வொரு சீட்டாகக் காட்டி, ஒரு காணொளியை வெளியிட்டாள். அக்டோபர் 10-ஆம் நாள், தன் பதினைந்தாம் வயதில், உயிரை மாய்த்துக்கொண்டாள்.

அவளைத் துன்புறுத்தியவன் கனடாவில் இல்லை. கடல் கடந்து நெதர்லாந்து நாட்டில், ஒரு வீட்டில் அமர்ந்துகொண்டு, இருபதுக்கும் மேற்பட்ட பொய்ப் பெயர்களில் அவளைத் துரத்தியிருக்கிறான். அவன் பிடிபட்டு, கனடாவுக்குக் கொண்டுவரப்பட்டு, குற்றவாளி என்று தீர்ப்பானது 2022-இல்தான். பதின்மூன்று ஆண்டு சிறை விதித்தார்கள். பத்தாண்டுகள்! பிள்ளை ஒரு நாட்டில், கயவன் மற்றொரு நாட்டில், படம் பரவிய இணையத்தளத்தின் உரிமையாளர் வேறொரு நாட்டில். இந்த நிலையில் ஓர் ஊர்க் காவல் நிலையம் மட்டும் என்ன செய்ய முடியும்? நாடுகள் கைகோக்க வேண்டியதன் காரணம் இதுவே. அவளுடைய தாய் வீட்டில் முடங்கிவிடவில்லை. மகளின் பெயரால் ஒரு சங்கம் அமைத்து, பல நாடுகளுக்கும் சென்று பெற்றோரிடமும் மாணவரிடமும் பேசி வந்திருக்கிறார். அக்டோபர் 10-ஆம் நாள் உலக மனநல நாளும்கூட. அன்று ஊர்தோறும் கட்டடங்களில் ஊதா நிற விளக்கேற்றச் செய்யும் வழக்கத்தையும் அவர் தொடங்கினார்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் மட்டும் இதைக் கேட்டால் போதும் என்று சில தந்தையர் எண்ணக்கூடும். அப்படியன்று. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. புலனாய்வுத் துறை ஓர் எச்சரிக்கை விடுத்தது. இவ்விதம் படத்தைக் காட்டிப் பணம் பறிக்கும் குற்றத்துக்கு அவ்வாண்டில் குறைந்தது 3,000 சிறார் ஆளாகியிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆண் பிள்ளைகள். பன்னிரண்டுக்கும் மேற்பட்டோர் உயிரை விட்டிருந்தார்கள். பெண் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் பேசுவான். ஒரு படம் கேட்பான். படம் கைக்கு வந்த அடுத்த நிமிடமே பணம் கேட்பான்.

இனி நம் சொந்தக் குற்றத்தைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் பணியாற்றியபோது நடந்தது. அப்பிள்ளை யார் என்று தெரியக்கூடாதென்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். அவன் அனுமதியும் பெற்றிருக்கிறோம். இது பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதன்று. திருவிழா நாட்களில் கொடி கட்டிக்கொண்டிருந்த பையன், எல்லாரும் போன பிறகும் போகாமல், பங்கு இல்லத் திண்ணையில் வந்து உட்கார்ந்தான். மேல்நிலைப் பள்ளி மாணவன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு கைப்பேசியை நம் முன் நீட்டினான். மேலே சொன்ன அதே கதை. தாய் மகளிர் குழுவில் வாங்கி வைத்திருந்த கடன் பணத்திலிருந்து இரண்டு தடவை எடுத்து அனுப்பியிருக்கிறான். கொடுக்கக் கொடுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தான் அந்தப் பாவி.

“எத்தனை நாளாகிறது?” என்று கேட்டோம்.

“பதினோரு நாள் ஆகுது, ஃபாதர்.”

“ஏன் முன்னமே வரவில்லை?”

அவன் தலையைக் குனிந்துகொண்டு, “போன மாசம் பிரசங்கத்துல நீங்கதான சொன்னீங்க... இப்படிப்பட்ட பிள்ளை குடும்பத்துக்கே அவமானம், போனைப் பிடுங்கி உடைக்கணும்னு” என்றான்.

சொன்னோம். நன்றாகவே சொன்னோம். கோயிலே அதிரும்படி சொன்னோம். அந்த ஞாயிறு பல பெற்றோர் வந்து, “அருமையான பிரசங்கம், சாமி” என்று கைகூப்பினார்கள். அந்தப் பிரசங்கம் ஒரு பிள்ளையின் வாயைப் பதினோரு நாள் பூட்டி வைத்தது. மிரட்டுகிறவனின் கையிலிருந்த படத்தைவிட, வீட்டிலும் கோயிலிலும் கிடைக்கப்போகும் அவமானமே அவனை அதிகம் கொன்றது. அந்தப் பயத்தை நம்பித்தான் அந்தக் கூட்டத்தார் தொழில் நடத்துகிறார்கள். பன்னிரண்டாம் நாளும் அவன் வராமல் இருந்திருந்தால்? அந்த எண்ணம் இன்றும் சில இரவுகளில் நம்மைத் தூங்கவிடுவதில்லை.

அவனோடு வீட்டுக்குப் போனோம். தாய் முதலில் பணத்துக்குத்தான் அழுதார்; அதை நாம் குறை சொல்லமாட்டோம், அது வட்டிக்கு வாங்கிய பணம். தந்தை வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தார். வெடித்து விழுவார் என்று எதிர்பார்த்தோம். சற்றுப் பொறுத்து அவர், “போனை உடைச்சிராதீங்க சாமி, அதுலதான சாட்சி இருக்கு” என்றார். குருமடத்தில் தத்துவமும் இறையியலும் படித்த நமக்குத் தோன்றாதது, மேசன் வேலை செய்யும் அவருக்குத் தோன்றிற்று. 1930 என்ற எண்ணை அழைத்தோம். காவல் துறையில் புகார் கொடுத்தோம். போன பணம் திரும்ப வரவில்லை. மேற்கொண்டு பணம் அனுப்பாமல் நிறுத்தியதும் சில நாள் மிரட்டிப் பார்த்துவிட்டு அவன் ஓய்ந்தான். பையன் இப்போது கல்லூரியில் படிக்கிறான்.

இதன் பின்னரே, அந்த உலக இயக்கங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று தேடிப் படித்தோம். ஐரோப்பிய நாடுகளிலுள்ள பாதுகாப்பான இணைய மையங்களுக்கு, எச்சரிக்கும் பணியோடு வேறு பணிகளும் உண்டு. பிள்ளைகள் அழைத்துப் பேச உதவித் தொலைபேசி வைத்திருக்கிறார்கள். தகாத படங்களைக் குறித்துப் புகார் பெற்று நீக்க வழிசெய்யும் பிரிவு உண்டு. இளையோர் குழு ஒன்றையும் அமைத்து, அவர்கள் சொல்வதைப் பெரியவர்கள் கேட்கிறார்கள். நாம் பீடத்திலிருந்து எச்சரிக்கையை மட்டும் முழங்கிவிட்டு, கேட்கும் காதை மூடி வைத்திருந்தோம்.

2017 அக்டோபரில் உரோமை கிரகோரியன் பல்கலைக்கழகத்தில், இணைய உலகில் குழந்தைகளின் மாண்பு குறித்து ஓர் உலக மாநாடு நடந்தது. அறிவியலார், காவல் துறையினர், இணைய நிறுவனத்தார், பல சமயத்தார் கூடினார்கள். இணையத்தைப் பயன்படுத்துவோரில் நான்கில் ஒரு பங்குக்கு மேல், அதாவது 80 கோடிக்கும் அதிகமானோர், சிறார் என்று திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களிடம் எடுத்துரைத்தார். திருச்சபை தன் வரலாற்றில் சிறாரைக் காக்கத் தவறிய இடங்களையும் அவர் மறைக்கவில்லை. அதைப் படித்தபோது, நம் தவற்றை உங்கள் முன் சொல்லும் துணிவு நமக்கும் வந்தது.

ஆஸ்திரேலிய நாட்டில் 2025 டிசம்பர் 10 முதல் பதினாறு வயதுக்கு உட்பட்டோர் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்க முடியாதபடி சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. நல்லதே, நிறுவனங்களின் மீது பொறுப்பைச் சுமத்துகிறது. ஆனால் குருமடத்துச் சமையற்காரரை நாம் இன்னும் மறக்கவில்லை.

இனிச் செய்ய வேண்டியது. உங்கள் பிள்ளை அப்படியொரு செய்தியோடு வந்தால், அடிக்க ஓங்கிய கையை இறக்குங்கள். பணம் அனுப்பாதீர்கள். அவன் அனுப்பிய செய்திகளை அழிக்காதீர்கள். படமெடுத்து வைத்துக்கொண்டு, பிறகு அவனைத் தடை செய்யுங்கள். 1930 இணையக் குற்றங்களுக்கான எண். 1098 சிறார் உதவி எண். பிள்ளையே நேரில் அழைக்கலாம். பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு இவ்விதக் குற்றம் நேர்ந்தது தெரிந்தால், 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி முடிக்க யாருக்கும், பங்குத்தந்தைக்கும்கூட, உரிமை இல்லை. பிள்ளையின் பெயரை வெளியே சொல்லவும் கூடாது. குழாயடியில் பேசுவதும் வெளியே சொல்வதுதான்.

படம் பரவிவிடுமே என்று கலங்குவோருக்கு ஒரு செய்தி. ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவையை அமெரிக்காவின் காணாமற்போன குழந்தைகளுக்கான மையம் 2023-இல் அறிமுகப்படுத்தியது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. நம் கைப்பேசியிலேயே அப்படத்துக்குக் கைரேகை போன்ற ஓர் அடையாள எண் உருவாகும். அந்த எண் மட்டும் போகும். சேர்ந்துள்ள நிறுவனங்கள் அந்த எண்ணுக்குரிய படத்தைத் தம் தளங்களில் கண்டால் நீக்கும். பெயர் சொல்லவும் தேவையில்லை. எல்லா நிறுவனங்களும் சேரவில்லை. ஆயினும் ஒன்றுமே செய்ய முடியாது என்பது பொய்.

நம் பங்கிலும் வரும் பிப்ரவரியில் அந்தச் செவ்வாய்க்கிழமை மாலைத் திருப்பலிக்குப் பின் ஒரு கூட்டம் நடைபெறும். முதற்கூட்டம் பெற்றோருக்கு மட்டும். பிள்ளைகள் வந்து சொல்வதற்கென, பங்குப் பேரவை ஓர் ஆசிரியையையும் ஒரு செவிலியையும் நியமித்திருக்கிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் குருவானவரிடம் வந்து பேச மனம் வராது. வர வேண்டுமென்ற கட்டாயமும் இல்லை. நம்மிடம் வருவோர் பங்கு இல்லத் திண்ணைக்கே வரலாம். நாலு பேர் கண்ணில் படும் இடம், ஆனால் பேச்சு காதில் விழாத தூரம்.

இரண்டு எண்களையும் அச்சிட்ட அட்டைகள் வாயிலருகே மேசையில் உள்ளன. வீட்டுக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள். சுரூபங்களுக்குப் பின்னால் செருகிவிடாமல், கைப்பேசிக்குச் சார்ஜ் போடும் இடத்துக்கு நேர் மேலே ஒட்டி வையுங்கள்.