மிஸ் என்றொரு சொல்



பாடசாலை நாட்களில் நாம் அதிகம் உச்சரித்த ஆங்கிலச் சொல் எது என்று கேட்டால், "மிஸ்" என்றே இந்த மண்டபம் முழுவதும் பதில் சொல்லும். "மிஸ்ட்ரஸ்" என்பதன் குறுக்கமான அது, ஆங்கிலத்தில் மணமாகாத பெண்ணின் பெயருக்கு முன் வருவது. இங்கிலாந்தில் 1944 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் வரும்வரை, மணம் முடித்த ஆசிரியை வேலையை விட வேண்டும் என்ற விதி பல இடங்களில் இருந்தது. அதனால் அங்கே ஆசிரியைகளில் பலர் "மிஸ்" ஆகவே இருந்தனர். 1840 இல் யாழ்ப்பாணம் வந்து, உடுவிலில் பெண்கள் விடுதிப் பாடசாலையை நீண்டகாலம் நடத்திய மிஸ் எலைசா அக்னியூவும் மணம் முடிக்காதவரே. "ஆயிரம் மகள்மாரின் தாய்" என்று அவரை அழைத்தார்கள். நாங்களோ நான்கு பிள்ளைகளின் தாயையும் "மிஸ்" என்றோம். எங்கள் வாயில் அது மரியாதைச் சொல்லாகிவிட்டது.

அதே ஒலியில், வேறு வேரிலிருந்து வந்த இன்னொரு "மிஸ்" உண்டு. பஸ்ஸை மிஸ் பண்ணினால் தவறவிட்டோம். இடாப்பில் பெயர் மிஸ் என்றால் விடுபட்டுவிட்டது. "உன்னை மிஸ் பண்ணுறன்" என்றால் பிரிவுத் துயர். இந்த மூன்றாவதற்குத் தமிழில் சொல் இல்லை என்று இளையவர்கள் சொல்கிறார்கள். இருக்கிறது. "பிள்ளை தாயைத் தேடுது" என்கிறோமே, அதுதான். ஆங்கிலச் சொல் ஏக்கத்தோடு நின்றுவிடும். நமது சொல்லில் ஏக்கமும் உண்டு, எழுந்து போய்ப் பார்க்கும் செயலும் உண்டு.

இந்த வேறுபாட்டை நமது நாட்டுத் தாய்மாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் படங்களை ஏந்தி அமர்ந்தவர்கள், "காணாமல் போனோர்" என்று எழுதாதீர்கள், "காணாமல் ஆக்கப்பட்டோர்" என்று எழுதுங்கள் என்றார்கள். ஒரு வினைச்சொல்லுக்குள் நீதியே அடங்கியிருக்கிறது என்பதை அவர்கள் அறிவார்கள். அவர்கள் இன்னும் தேடுகிறார்கள்.

நமது சங்கப் பதிவேட்டிலும் முகவரி இல்லாத பெயர்கள் இருக்கின்றன. இடம்பெயர்ந்தவர்கள், கடல் கடந்தவர்கள், என்ன ஆனார்கள் என்று எவருக்கும் தெரியாதவர்கள். நூறாவது ஆண்டில் உங்களிடம் நான் கேட்பது ஒன்றே. ரொறொன்ரோவிலோ, இலண்டனிலோ, மெல்பேணிலோ, வவுனியாவிலோ இருக்கும் ஒவ்வொருவரும் தன் வகுப்பு இடாப்பை மனதிற்குள் ஒருமுறை வாசியுங்கள். பதில் வராத பெயர் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வட்ஸ்அப்பில் "மிஸ் யூ" என்று எழுதுவதோடு நில்லாமல், அவளைத் தேடுங்கள். கிடைத்தால் சங்கத்துக்கு அறிவியுங்கள். அவள் இல்லை என்று அறிந்தாலும் அறிவியுங்கள். அவள் பெயரும் நமது இடாப்பில் சரியாக எழுதப்பட வேண்டும்.