எந்தக் காளான், எந்த மண்?



உயிர்ப்பொருள்களையும் காட்டுக் காளான்களையும் நிறமாலை முறைகளால் ஆராய்வது பற்றி இந்தக் கருத்தரங்கில் பேச ஓசூர் பொருத்தமான ஊர். ஒரு பக்கம் சிப்காட் ஆலைகள். மறுபக்கம் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியே மேலகிரிக் காடு. ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டரில் பெங்களூரு. அங்கே சர் சி. வி. ராமன் 1948இல் தொடங்கிய ஆய்வு நிறுவனம். அவரும் வத்திராயிருப்பு கே. எஸ். கிருஷ்ணனும் 1928இல் கொல்கத்தாவில் செய்த ராமன் விளைவு ஆய்வை எல்லோரும் கொண்டாடுகிறோம். அவர்கள் அறுபது திரவங்களைப் பார்த்தார்கள் என்பதும், திரவத்தை வெற்றிடத்தில் திரும்பத் திரும்ப வடித்துத் தூய்மையாக்கிக்கொண்டே பார்த்தார்கள் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒளியைவிட மாதிரிக்கே அவர்கள் அதிகம் பாடுபட்டார்கள் என்று எனக்குத் தோன்றும்.

நம் கட்டுரைகளில் இந்தப் பாடு தெரிவதில்லை. காளானைப் பொடித்து எஃப்டிஐஆர் என்னும் அகச்சிவப்பு நிறமாலைமானியில் வைக்கிறோம். அலை எண் 3300 அருகே ஒரு பெரிய மேடு, 2920இல் ஒன்று, 1650இல் புரதம், 1040இல் சர்க்கரைச் சங்கிலிகள். உடனே ‘மருத்துவச் சேர்மங்கள் உறுதியாயின’ என்று எழுதிவிடுகிறோம். கேழ்வரகு மாவை வைத்தாலும் ஏறக்குறைய இதே மேடுகள்தாம் வரும். காளானைப் பற்றிச் சொல்லக்கூடிய செய்தி 890 அருகே பீட்டா குளுக்கானைக் காட்டும் சிறிய தோள் போன்ற இடங்களில் இருக்கிறது. அதை யாரும் பெரிதாக்கிப் பார்ப்பதில்லை.

டிபிபிஎச் சோதனையும் அப்படித்தான். ஊதா நிறம் வெளுக்கிறது, 517 நானோமீட்டரில் ஒளி உட்கவர்தல் குறைகிறது, ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு என்கிறோம். ஃபீனால்களை அளக்க நாம் எடுக்கும் ஃபோலின் கரைசல் ஃபீனால்களோடு மட்டுமா வினைபுரிகிறது? வைட்டமின் சி, டைரோசின், ஒடுக்கும் சர்க்கரை எல்லாவற்றோடும் வினைபுரியும். வாயு நிறப்பகுப்பும் நிறை நிறமாலையும் இணைந்த ஜிசி-எம்எஸ் தரும் நீண்ட பட்டியலோ ஆவியாகக்கூடிய பொருள்களின் பட்டியல் மட்டுமே. ஆளைக் கொல்லும் அமானிட்டின் அதில் நேரடியாகத் தலைகாட்டாது. அந்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. சாப்பிட்டு ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ கழித்துத்தான் வயிற்றைப் பிடிக்கும், பிறகு கல்லீரலைத் தின்னும். அதைத் தேட திரவ நிறப்பகுப்பும் நிறை நிறமாலையும் வேண்டும். நச்சுக் காளானின் சாறும் டிபிபிஎச்சை வெளுக்கக்கூடும் என்பதை மாணவர்கள் மறக்க வேண்டாம்.

இந்த ஊர்ப் பவுண்டரிகளைப் போய்ப் பாருங்கள். உருகிய உலோகத்தை அச்சில் ஊற்றுவதற்கு முன் ஒரு துண்டு வார்த்து, தேய்த்து, ஸ்பெக்ட்ரோமீட்டரில் பொறி வைத்துப் பார்க்கிறார்கள். கலவை சரியென்றால்தான் ஊற்றுவார்கள். கருவி சரியாகச் சொல்கிறதா என்று அறிய, அளவு உறுதிசெய்யப்பட்ட துண்டு ஒன்று பக்கத்திலேயே இருக்கும். அங்கே வேலை செய்பவர் ஐடிஐ படித்த இளைஞர். முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் நாம் தரமாதிரி இல்லாமலே காட்மியம் இத்தனை, ஈயம் இத்தனை என்று அட்டவணை போடுகிறோம்.

உலோகத்தைச் சொன்னது காரணமாகத்தான். காளான்கள் மண்ணிலிருந்து காட்மியத்தையும் பாதரசத்தையும் இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். இனத்துக்கு இனம் அளவு மாறும். செர்னோபில் விபத்துக்குப் பின் ஐரோப்பியக் காடுகளில் சீசியத்தையும் அப்படிச் சேர்த்தன. மழைக்குப் பிறகு புற்றுக்காளானைப் பறித்துக் குழம்பு வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. கறையான் தன் புற்றுக்குள் வளர்க்கும் பூஞ்சை அது. கொட்டகையில் விளைவிக்க இன்னும் வணிக அளவில் வழி பிறக்கவில்லை. ஆகவே அது நின்ற மண்தான் அதன் தரம். ஒரே இனத்தை மேலகிரிச் சரிவிலும் சாலையோரத்திலும் தென்பெண்ணைக் கரையிலும் எடுத்து, அடிமண்ணையும் கூடவே எடுத்து, நைட்ரிக் அமிலத்தில் செரித்து ஏஏஎஸ் என்னும் அணு உட்கவர் நிறமாலைமானியில் அளந்து பாருங்கள். அலுமினியமும் இரும்பும் எக்கச்சக்கமாக வந்தால் முதலில் கழுவியதைச் சந்தேகப்படுங்கள். ஒட்டிய மண்ணையே நீங்கள் அளந்திருக்கக்கூடும். ஒப்பீட்டுக்கு, வைக்கோலில் வளர்ந்த பால் காளான் இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் வெளியிட்ட ஏபிகே 2 நல்ல தேர்வு.

மாதிரிக்குப் பெயர் வைப்பதிலும் கறாராக இருங்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் புழங்கும் இந்தப் பகுதியில் ஊர்ப்பெயர் மட்டும் போதாது. வித்துத் தடம், புகைப்படம், உலர்த்திய மாதிரி ஒன்று உலர்தாவரக் காப்பகத்தில், முடிந்தால் இனத்தை அடையாளம் காட்டும் ஐடிஎஸ் டிஎன்ஏ வரிசை. இவை இல்லாத நிறமாலை யாருடையது என்றே தெரியாத கைரேகை.

கட்டுரை படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரைபடத்தைக் காட்டும் முன் வெற்று மாதிரியின் அளவீட்டையும் அளவுத்திருத்தக் கோட்டையும் திரையில் காட்டுங்கள். நேரம் போனால் முன்னுரையைக் குறைத்துக்கொள்ளலாம். நாளை அஞ்செட்டிப் பக்கம் களப்பயணம் வருகிறவர்கள் காகிதப் பை கொண்டு வாருங்கள். பிளாஸ்டிக் பையில் காளான் மாலைக்குள் நொதித்துவிடும். வனத்துறை காட்டும் பாதையை விட்டு யாரும் விலக வேண்டாம், அது யானை நடமாடும் இடம். முதல் அமர்வின் தலைவரை மேடைக்கு அழைத்து, இந்தக் கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.