வாயில்லாச் சீவனும் வணிகர் பொறுப்பும்



நாயும் பூனையும் மனிதனோடு கூடி வாழத் தொடங்கிப் பல்லாயிரம் ஆண்டுகள் கழிந்துவிட்டன. நம் வீடுகளில் அவை உண்பது பெரும்பாலும் நாம் உண்டு எஞ்சிய சோறும் மீன்தலையுமே. மேலைத் தேசங்களிலோ அவற்றின் உணவு ஆலைகளிலே செய்யப்பெற்று, பேணிகளிலும் பைகளிலும் அடைபட்டு நெடுங்காலமாக விற்பனையாகி வருகின்றது. அவ்வழக்கம் நமது நகரங்களுக்கும் வந்துவிட்டது. மனிதன் காலையில் ஒன்றும் மாலையில் வேறொன்றும் உண்கிறான். வளர்ப்புப் பிராணியோ நாள்தோறும் ஒரே பையிலிருந்து உண்கிறது. ஆதலால் அந்தப் பையிலே ஒரு கேடு இருக்குமாயின், அது வேளைக்கு வேளை அச்சீவனின் உடலிலே சேர்ந்துகொண்டேயிருக்கும். நோவு எங்கே என்று சொல்ல அதற்கு வாயும் இல்லை.

இந்நிலையில், வளர்ப்பவர் கொண்டுவரும் முறைப்பாட்டை உணவு செய்யும் கம்பனி எவ்வாறு ஏற்க வேண்டும்? நட்டஈடு கேட்டு வருபவருக்கு அது யாது மறுமொழி கூற வேண்டும்? இவ்வினாக்களை ஒரு மெய்ச் சம்பவத்தின் துணைகொண்டு இன்று ஆராய்வோம்.

கனடாவிலே ஒன்ராறியோ மாகாணத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த மெனு பூட்ஸ் என்ற கம்பனி, அமெரிக்காவில் கன்சாஸ், நியூ ஜேர்சி ஆகிய மாநிலங்களிலும் ஆலைகளை நடத்தி வந்தது. குழம்பிலிட்ட இறைச்சித் துண்டுகள் போன்ற உணவை அது செய்து, பற்பல வணிகப் பெயர்களுக்காகப் பேணிகளில் அடைத்துக் கொடுத்தது. கடையிலே வெவ்வேறு பெயரும் வெவ்வேறு விலையும் தாங்கி நின்ற பேணிகள் ஒரே ஆலையிலிருந்து வந்தவை என்பதை வாங்கியோர் பலர் அறிந்திலர்.

2007 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 20 ஆந் திகதியளவில், உணவை உண்ட பிராணிகள் நோயுற்றன என்ற முதல் முறைப்பாடு அக்கம்பனிக்கு எட்டியது. அம்மாத இறுதியில் கம்பனி தன் உணவைச் சோதனைப் பிராணிகளுக்கு ஊட்டிப் பார்க்கத் தொடங்கியது. மார்ச்சு மாதத் தொடக்கத்தில் அவற்றுள்ளும் சில மாண்டன. மார்ச்சு 16 ஆந் திகதியே, 6 கோடி பேணிகளையும் பைகளையும் திரும்பப் பெறுவதாகக் கம்பனி அறிவித்தது. முதல் முறைப்பாட்டுக்கும் பகிரங்க அறிவித்தலுக்கும் இடையே 24 நாட்கள் சென்றன. அந்நாட்களிலும் பேணிகள் கடைகளில் விலைப்பட்டன, வீடுகளில் திறக்கப்பட்டன.

காரணம் யாது? குழம்பைத் தடிப்பாக்குதற்குச் சேர்க்கப்பட்ட கோதுமைப் பசைப்புரதம் சீனாவிலிருந்து இறக்குமதி செய்யப்பட்டது. அதிலே, பிளாத்திக்குத் தட்டுகள் செய்யப் பயன்படும் மெலமைன் என்ற இரசாயனப் பொருள் கலந்திருந்தது. ஒரு பண்டத்திலே புரதம் எவ்வளவு உண்டு என அறியச் செய்யப்படும் வழமையான சோதனை, உண்மையில் அதிலுள்ள நைதரசனையே அளக்கின்றது. மெலமைனில் நைதரசன் மிகுதி. எனவே மலிந்த மாவிலே மெலமைனைக் கலந்தால், சோதனைக் குழாய் அதனை உயர்ந்த புரதமென்றே காட்டும். மெலமைனும் அதனோடு வந்த சயனூரிக் அமிலமும் பிராணியின் சிறுநீரகத்திலே கூடிப் படிகங்களாக உறைந்து அதன் வழிகளை அடைத்துவிட்டன. நைதரசனை அளந்த சோதனையின் கண்ணுக்குத் தப்பிய கள்ளம், வளர்த்தோரின் கண்ணுக்கும் மிருக வைத்தியரின் கண்ணுக்குமே முதலிற் புலப்பட்டது.

இங்கேதான் முறைப்பாட்டின் உண்மைப் பெறுமதி விளங்குகின்றது. கம்பனிகள் பலவற்றில் முறைப்பாடு ஒரு தொல்லையாகவே எண்ணப்படுகின்றது. கடிதத்துக்கு மறுமொழி எழுதும் எழுதுவினைஞர், வேண்டுமானால் இரண்டு இலவசப் பேணிகளை அனுப்பி அலுவலை முடித்துவிடுவார். ஆனால் முறைப்பாடு என்பது ஆலையின் சோதனைக்கூடம் அறியாத செய்தியைச் சுமந்து வருகின்ற தூது. தனித்த ஒருவரின் பூனை இறந்தது என்றால் அதற்கு நூறு காரணங்கள் இருக்கலாம். வெவ்வேறு ஊர்களிலுள்ள பத்துப் பேரின் பூனைகள், ஒரே தொகுதி இலக்கமிட்ட பேணியை உண்டபின், ஒரே சிறுநீரக நோயினால் இறந்தன என்றால் அது தற்செயலன்று. அந்தப் பத்துக் கடிதங்களும் பத்து மேசைகளிலே கிடந்தால் எவருக்கும் ஒன்றும் தோன்றாது. ஒரே ஏட்டிலே, தொகுதி இலக்கத்தின்கீழ் எழுதப்பட்டால், ஏட்டைப் புரட்டுபவர் எவரும் உண்மையைக் காண்பர்.

அநுராதபுரத்திலிருந்து ஆண்ட எல்லாள மன்னனின் ஆராய்ச்சி மணியை நாமெல்லாம் அறிவோம். தன் கன்றைத் தேர்க்காலில் இழந்த பசு அம்மணியை அசைத்தது என்று மகாவமிசம் கூறும். அக்கதையிலே பசுவின் துயரத்தைப் போலவே கவனிக்கத்தக்க இன்னொன்று உண்டு. மணியின் கயிறு எவருக்கும் எட்டும்படி தொங்கியது. மணி ஒலித்ததும் கேட்க வேண்டியவனே நேரிற் கேட்டான். இக்காலக் கம்பனி ஒன்றுக்கும் இவ்விரண்டும் வேண்டும்.

ஆகவே, கம்பனி செய்ய வேண்டியவை இவை எனலாம். முதலாவது, முறைப்பாடு செய்யும் வழியைப் பேணியின் மேலேயே தெளிவாக அச்சிட வேண்டும். 2007 இல் திரும்பப் பெறும் அறிவித்தல் வெளியானபோது கம்பனியின் தொலைபேசியை அடைய முடியாமற் பலர் தவித்தனர். இரண்டாவது, முறைப்பாட்டைக் கேட்பவர் பிராணியின் வயது, நோயின் குறி, உணவின் பெயர், தொகுதி இலக்கம், வாங்கிய கடை, மிருக வைத்தியரின் கருத்து ஆகிய யாவற்றையும் கேட்டு எழுத வேண்டும். எஞ்சிய உணவை எறியவேண்டாமென்று சொல்லி, அதைத் தன் செலவிலே பெற்று ஆராய வேண்டும். மூன்றாவது, ஆலையிலே ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி வைத்திருக்க வேண்டும்; அத்தொகுதிக்குள் எந்த மூலப்பொருள் எவரிடமிருந்து வந்தது என்ற குறிப்பும் இருக்க வேண்டும். நான்காவது, ஒரே வகையான முறைப்பாடுகள் சில சேர்ந்தவுடன் விற்பனையை நிறுத்தும் அதிகாரம், விற்பனைப் பகுதியாரிடமன்றித் தரம் பார்க்கும் உத்தியோகத்தரிடம் இருத்தல் நன்று. காரணம் தெரியும்வரை காத்திருப்பது பிழை. மெலமைனே காரணமென்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத் திணைக்களம் மார்ச்சு மாத இறுதியிலேதான் அறிவித்தது. பண்டத்தை மீட்பதற்கு நஞ்சின் பெயர் தெரிந்திருக்க வேண்டுமென்பதில்லை. நோயுற்றோர் உண்ட பண்டம் இன்னதென்று தெரிந்தாற் போதும்.

இனி நட்டஈட்டைப் பற்றிச் சிறிது கூறுவோம். 1928 இல், ஸ்கொட்லாந்தின் பெய்ஸ்லி நகரத்துச் சிற்றுண்டிச் சாலையொன்றில் ஒரு பெண்மணி இஞ்சிப் பானம் அருந்தினார். போத்தலிலே அழுகிய நத்தை இருந்ததென்றும் தாம் நோயுற்றாரென்றும் வழக்கிட்டார். பானத்தை வாங்கியவர் அவருடைய தோழி. ஆகவே அருந்தியவருக்கும் போத்தல் செய்தவருக்கும் இடையே ஒப்பந்தம் எதுவுமில்லை. எனினும், தன் செயலாற் பாதிக்கப்படக்கூடிய அயலவனுக்குக் கவனமாயிருக்கும் கடமை செய்தவருக்கு உண்டென்று 1932 இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அட்கின் பிரபுவின் அத்தீர்ப்பு, உற்பத்தியாளர் பொறுப்புப் பற்றிய சட்டத்துக்கு அடிக்கல்லாயிற்று.

வளர்ப்புப் பிராணியின் விடயத்தில் சிக்கல் இன்னும் ஒருபடி அதிகம். உண்டது வழக்காட இயலாத சீவன். சட்டத்தின் நோக்கிலோ அது உடைமை. கதிரை, மேசையைப் போல் விலைமதிப்புள்ள ஒரு பொருள். தெருவிலே கண்டெடுத்து வளர்த்த பூனைக்குச் சந்தையிலே விலை என்ன? அதனைக் காப்பாற்ற அவ்வீட்டார் வைத்தியருக்குக் கொடுத்த பணமோ பெரிது. மெனு பூட்ஸ் முதலியோர்மீது தொடரப்பட்ட வழக்குகள் ஒன்றாகத் திரட்டப்பட்டு, 2008 இல் 2 கோடியே 40 இலட்சம் டொலர் நிதியொன்றை ஏற்படுத்தும் இணக்கத்துடன் முடிந்தன. வைத்தியச் செலவு போன்ற பொருளிழப்புக்கு அதிலிருந்து ஈடு வழங்கப்பட்டது. பற்றுச்சீட்டு இல்லாதோருக்கும் ஓர் எல்லைக்குட்பட்டுக் கொடுக்க வழி செய்யப்பட்டது. மனத்துயருக்கு அதில் இடமில்லை.

பொய் முறைப்பாடு செய்வோரும் உளரே என்று வணிகர் கூறுவர். உளர், மறுப்பதற்கில்லை. அதற்கு மருந்து சோதனையேயன்றிச் சந்தேகமன்று. தொகுதி மாதிரியும் வைத்தியர் அறிக்கையும் கையில் இருக்கும் கம்பனி மெய்யையும் பொய்யையும் அமைதியாகப் பிரித்தறியும். மெய்யென்று கண்டபின், வைத்தியச் செலவைத் தாமதமின்றிக் கொடுக்க வேண்டும். ‘இதைப்பற்றி வெளியே பேசமாட்டேன்’ என்று ஒப்பம் வாங்கிக்கொண்டு பணங்கொடுப்பது தீது. அது அடுத்த வீட்டுப் பிராணியின் உயிருக்கு உலைவைக்கும் மௌனத்தை விலைக்கு வாங்குவதாகும். அனுதாபம் தெரிவித்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என அஞ்சி, இறந்த பிராணியைப் பற்றி ஒரு சொல்லும் கூறாத கடிதத்தை எழுதுவதும் தகாது.

நாய் பூனைகளின் காரியந்தானே என்று இதனை இலேசாக எண்ணுவோர் அடுத்து நிகழ்ந்ததைக் கேட்க வேண்டும். 2008 இல் சீனாவிலே சன்லு கம்பனியினதும் வேறு பலரதும் குழந்தைப் பால்மாவில் அதே மெலமைன், அதே நோக்கத்துக்காகக் கலக்கப்பட்டிருந்தது வெளிப்பட்டது. ஏறத்தாழ 3 இலட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். 6 குழந்தைகள் இறந்தன. சன்லு கம்பனிக்குப் பெற்றோரின் முறைப்பாடுகள் 2007 டிசம்பரிலிருந்தே வந்துகொண்டிருந்தன. உலகுக்கு உண்மை தெரிந்தது 2008 செப்டெம்பரில். வாயில்லாச் சீவன்கள் தம் உயிரைக் கொடுத்துச் சொன்ன எச்சரிக்கை ஓராண்டுக்கு முன்னரே உலகின் முன் கிடந்தது.

அமெரிக்காவிலே 2007 இல் உணவுப் பண்டத்தைக் கட்டாயமாக மீட்கும் அதிகாரம் பொதுவாக அரசாங்கத்துக்கு இருக்கவில்லை. 2011 ஆம் ஆண்டின் சட்டமே பிராணி உணவு உட்பட அவ்வதிகாரத்தை அளித்தது. நமது நாட்டிலும் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி பாவனையாளர் அலுவல்களுக்கென ஓர் அதிகார சபை உண்டு. எனினும், முறைப்பாடு செய்வார் இல்லையெனில் எந்தச் சட்டமும் ஏட்டிலேயே உறங்கும்.

நேயர்களே, உங்கள் பிராணிக்குப் பையுணவு வாங்குவீர்களாயின், பை தீரும்வரை அதன் இலக்கமுள்ள பகுதியை எறியாதீர்கள், பற்றுச்சீட்டையும் வைத்திருங்கள். பிராணி உண்ண மறுத்தாலோ, வாந்தி எடுத்தாலோ, அளவுக்கு மிஞ்சி நீர் குடித்தாலோ அவ்வுணவை நிறுத்தி மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். உணவே காரணமென்று அவர் ஐயுற்றால் கம்பனிக்கு எழுதுங்கள். எழுதியதன் பிரதியையும் பேணுங்கள். நீங்கள் எழுதும் ஒரு கடிதம், நீங்கள் காணாத ஒரு வீட்டிலே, இன்னொரு பேணி திறக்கப்படுவதைத் தடுக்கக்கூடும்.