பந்தலில் குழந்தையுடன்

புனே நகரில் டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால், சங்கீதப் பிரியர்களின் வீடுகளில் ஒரே பேச்சுத்தான். ஸவாய் கந்தர்வ பீம்ஸேன் மஹோத்ஸவத்திற்கு எத்தனை நாள் செல்வது, குளிருக்கு எதைப் போர்த்திக்கொள்வது என்பதே அது. அங்கே குடியேறியுள்ள தமிழராகிய நமக்கு மற்றொரு கேள்வியும் உண்டு. குழந்தையை என்ன செய்வது? சொந்த ஊரானால் பாட்டியிடம் ஒப்படைத்துவிட்டுக் கச்சேரிக்குப் போகலாம். இங்கே நமக்கு உறவு அண்டை வீட்டாரே. அவர்களும் விழாவுக்குப் புறப்பட்டிருப்பார்கள்! ஆகவே ஏழு வயதுப் பெண்ணையும் அழைத்துக்கொண்டே நாங்கள் சென்றோம்.

ஸவாய் கந்தர்வர் எனப் புகழ்பெற்ற ராம்பாவ் குந்த்கோள்கர் 1952-இல் மறைந்தார். அவருடைய சீடர் பீம்ஸேன் ஜோஷி, குருவின் நினைவாக 1953-இல் இவ்விழாவைத் தொடங்கினார். பரந்த மைதானத்தில் பெரும் பந்தல். நாற்காலிகளும் உண்டு, தரையில் அமர்ந்து கேட்போரும் ஏராளம். முன்பெல்லாம் விடிய விடியப் பாட்டு நடக்கும். 2000-ஆம் ஆண்டில் ஒலிபெருக்கிகளுக்கு விதிகள் வந்தபின், பெரும்பாலும் இரவு பத்து மணியோடு முடிந்துவிடுகிறது. பழைய ரசிகர்களுக்கு இது குறை. பெற்றோருக்கோ பெரிய உதவி.

சால்வை, இட்லி, தண்ணீர் எல்லாம் மறவாமல் கொண்டு சென்றோம். பொறுமையை மட்டும் கொண்டு செல்லவில்லை. பாடகர் விளம்ப காலத்தில் ராகத்தை மெல்ல மெல்ல விரித்துக்கொண்டிருந்தார். பெண் நெளிந்தாள். “ஏன் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார்?” என்றாள். “கவனித்துக் கேள்” என்றோம். சிறிது நேரம் கழித்து, “இது நம் பாட்டா, இவர்கள் பாட்டா?” என்று கேட்டாள். எங்களிடம் பதில் இல்லை. “பேசாதே” என்று அடக்கினோம்.

ஆண்டு முழுவதும் நாங்கள் எதிர்பார்த்திருந்த வித்வான் மேடையில் வந்து அமர்ந்தார். தம்பூரா ஒலித்த அந்த வேளையில், குளிரும் தூக்கமும் தாங்காமல் குழந்தை அழத் தொடங்கினாள். முன்வரிசையினர் திரும்பிப் பார்த்தனர். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எழுந்து வெளியே வந்தோம். மனத்தில் ஏமாற்றம் இல்லை என்று சொல்வது பொய்.

பந்தலுக்கு வெளியே தேநீர்க் கடையருகே நின்றோம். தோளில் சாய்ந்ததும் அவள் உறங்கிவிட்டாள். பாட்டு அங்கும் தெளிவாகக் கேட்டது. இருவரும் மாறி மாறி அவளைச் சுமந்துகொண்டு நின்றபடியே கேட்டோம். அப்போதுதான் அவள் கேட்ட கேள்விக்கு விடை நினைவுக்கு வந்தது.

ஸவாய் கந்தர்வரின் குரு அப்துல் கரீம் கான். ஹிந்துஸ்தானி இசையின் பெரும் மேதையான அவர், கர்நாடக சங்கீதத்தையும் விரும்பிக் கற்றவர். தியாகராஜ கீர்த்தனையை இசைத்தட்டில் பாடியவர். 1937-இல் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் வழியில், செங்கற்பட்டுக்கு அருகிலுள்ள சிங்கப்பெருமாள்கோயில் ரயில் நிலையத்தில், அந்த நடைமேடையிலேயே அவர் உயிர் நீத்தார். மறுநாள் காலை இக்கதையைப் பெண்ணுக்குச் சொன்னோம்.

“அவர் நம் ஊர்ப் பக்கம் வந்தாரா?” என்று வியந்தாள்.

“ஆம், அவர் அங்கே வந்தார். நாம் இங்கே வந்திருக்கிறோம்” என்றோம்.

பிற மாநிலங்களில் வாழும் நம் குழந்தைகள் தமிழையும் நம் சங்கீதத்தையும் மறந்துவிடுவார்களோ என்ற அச்சம் நமக்கு எப்போதும் உண்டு. அந்த அச்சத்தால் வாழும் ஊரின் இசைக்குக் கதவடைக்கவும் வேண்டாம்; அதைப் பாடம் போல் திணிக்கவும் வேண்டாம். ஓரத்தில், வழிக்கு அருகே இடம் பிடியுங்கள். ஒலிபெருக்கிக்கு எட்ட அமருங்கள். இரண்டு மணி நேரம் போதும். குழந்தை போகலாம் என்றால் எழுந்துவிடுங்கள். வித்வான் அடுத்த ஆண்டும் பாடக்கூடும். கட்டாயத்தால் பிறந்த வெறுப்பு எளிதில் நீங்காது.

மறு டிசம்பரில் சால்வையை அவளே எடுத்து வைத்தாள். அன்றும் அரை மணியில் உறங்கிவிட்டாள். இம்முறை நாங்கள் அவளை எழுப்பவில்லை.